இரத்தினேஸ்வரியின் அளவுப் பேணி

புன்னைமுனை மீன்வாடியில் இரத்தினேஸ்வரியோடு எதைப் பற்றியும் வாதாடலாம். மீன் விலை, கோயில் திருவிழா, யாருடைய பிள்ளை யாரோடு ஓடியது என்று எல்லாவற்றிலும் கடைசியில் விட்டுக்கொடுத்துவிடுவாள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவளிடம் யாருடைய பருப்பும் வேகாது. தண்ணீர்ப் பரலின், அந்த உயரமான பிளாஸ்டிக் பீப்பாயின், மூடியை யாராவது மெல்லத் தொட்டால் போதும், அடுப்படியில் நின்றபடியே "ஆர் அது?" என்று கேட்பாள். அந்தக் குரலுக்குப் பயந்து முப்பது வயது ஆம்பிளைகள் தாகத்தோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அப்படி இல்லாவிட்டால் அந்த இடத்தில் பதினெட்டுப் பேர் எட்டு மாதம் சீவிக்க முடியாது. புன்னைமுனை சம்பூருக்குக் கிழக்கே, வெளிக்கடலைப் பார்த்த மணல். மாசியில் வந்து ஆறு கொட்டில் போட்டு, தறப்பாள் இழுத்துக் கட்டி, கரைவலை இழுத்துக் கருவாடு போட்டுவிட்டு புரட்டாதியில் கழன்று போவார்கள். குழாய் கிடையாது. மணலைத் தோண்டினால் ஊறுவது சவர்த் தண்ணீர். சட்டி கழுவலாம், குடிக்க ஏலாது. தரை வழியே போவதென்றால் இடுப்பளவு முகத்துவாரத்தைக் கடந்து, நாலு மைல் முட்பற்றைக் காட்டுக்குள்ளால் நடக்க வேண்டும், அதுவும் யானை நிற்கிற காடு, உழவு மெசின்கூட ஆபத்து அவசரத்துக்குத்தான் அதற்குள் வரும். ஆகவே குடிதண்ணீர் கடலால்தான் வரும். மூதூரிலிருந்து முத்தலிப் நானா மூன்று நாளைக்கொரு தடவை தன் பைபர் படகில் இருபத்தைந்து லீற்றர் கான்கள் எட்டைக் கொண்டுவந்து, இரண்டு நீலப் பரல்களில் ஊற்றிவிட்டுப் போவார்.

அந்தப் பரல்களின் பொறுப்பு இரத்தினேஸ்வரியிடம் வந்தது தற்செயல் அல்ல. இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடியவர்களில் அவளும் ஒருத்தி. அதன்பின் முகாமில் கிடந்த வருடங்களில் அவள் படித்த படிப்பெல்லாம் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரிசையில் படித்ததுதான். குழாயைப் பிடித்தவன் தன் ஆட்களுக்கு முதலில் விடுவான். ஒருநாள் மகன் டிலக்சன் காய்ச்சலில் கிடக்க, மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று வெறும் வாளியோடு திரும்பியிருக்கிறாள். ஊர் திரும்பி வாடிக்கு வந்த முதல் சீசனில், அப்போது தண்ணீர் அளந்தவன் தன் மச்சானுக்கு ஒரு பேணி கூட ஊற்றியதைக் கண்டு அவள் போட்ட சத்தத்தில், சம்மாட்டி யோகலிங்கம் அளவுப் பேணியை அவன் கையிலிருந்து பறித்து இவளிடமே கொடுத்துவிட்டார். கரைவலையும் வாடியும் அவருடையவை, அவர் சொன்னால் சொன்னதுதான்.

பேணி என்றால் பழைய பால்மாத் தகர டப்பாதான். விளிம்புவரை நிரப்பினால் ஒரு லீற்றர். பெரியவர்களுக்கு ஆளுக்கு நாளைக்கு மூன்று பேணி, வாடியின் ஒரே குழந்தை, துஷாந்தியின் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்று, மிச்சம் சமையலுக்கு. ஒன்பது சீசனாக அந்த அளவில் ஒரு சொட்டுக் கூடவுமில்லை, குறையவுமில்லை. தன் மகன் வந்திருந்த சீசன்களில் அவனுக்கும் அதேதான். புருசன் இராசநாயகத்துக்கும் அதேதான்.

இந்த வருடம் அந்த மூன்று பேணி அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மாசியில் இராசநாயகத்துக்கு இடுப்பைப் பிடித்த வலி, ஆஸ்பத்திரியில் காட்டினபோது சிறுநீரகத்தில் கல் என்றார்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே பழுதுபட்டுவிட்டது, மற்றதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றார் டொக்டர். "நாளைக்கு மூண்டு லீற்றர் தண்ணி. அதுதான் உங்களுக்கு முதல் மருந்து." வீட்டில் இருங்கள் என்று அவள் கெஞ்சியும் மனிதன் கேட்கவில்லை. கிழிந்த வலை பொத்த அவரை விட்டால் ஆளில்லையாம். சரி, வாடி அளவும் டொக்டர் அளவும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு கூட்டிவந்தாள்.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தேறுதலில் மண் விழுந்தது.

முதல் நாளே காற்று மாறத் தொடங்கியிருந்தது. மணல் பறக்கிறதென்று பொடியன்கள் எல்லாப் பரல்களையும் உருட்டிவந்து அடுப்படிக் கொட்டிலின் மறைவில் நிறுத்தியிருந்தார்கள். கருவாட்டுக்கு மீன் ஊறப்போடும் உப்புப் பரல்களும் அதே நீலம், அதே உயரம். அது ஒரு சிக்கலே இல்லை. தண்ணீர்ப் பரலுக்கு இரத்தினேஸ்வரி வெள்ளிக்கிழமை தோறும் மூன்று விரலால் திருநீறு பூசுவாள். தண்ணீர் கங்கையல்லவா, அவளுக்கு அது சாமி. வாடியில் எல்லோருக்கும் தெரியும், திருநீறு இருந்தால் குடிக்கிற தண்ணீர், இல்லாவிட்டால் உப்பு.

முத்தலிப் நானா அன்றைக்கு வழமையைவிடப் பிந்தி வந்தார். வந்தவர் காலில் வெந்நீர் கொட்டினதுபோல் நின்றார்.

"அக்கா, கச்சான் காத்து எழும்புது. கெதியா ஊத்திட்டு நான் ஓடணும். இந்தக் காத்து என்னைக் கரைக்கு விடாது, வெளிக்கடலுக்குத் தள்ளிப்போடும்."

முதல் நாலு கானையும் கால்வாசித் தண்ணீர் மிஞ்சியிருந்த வழமையான பரலில் ஊற்றினார்கள். "மத்தது எது?" என்று அவர் கேட்க, அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்த இரத்தினேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அடுத்து நின்ற பரலின் வயிற்றில் மூன்று வெள்ளைக் கோடுகள் தெரிந்தன.

"அந்தா, திருநீறு பூசினது. ஊத்துங்கோ நானா."

வேறு நாளென்றால் மூடியைத் திறந்து, அடியில் கையை விட்டு, விரலை நக்கிப் பார்த்துத்தான் ஊற்ற விடுவாள். அன்றைக்கு அவருடைய அவசரம் அவளையும் தொற்றிக்கொண்டது. நாலு கான், நூறு லீற்றர், கடகடவென்று உள்ளே போனது. அவர் படகைத் தள்ளிக்கொண்டு போய் அரை மணித்தியாலத்துக்குள் காற்று சீறத் தொடங்கிவிட்டது.

மத்தியானம் பரலின் வாயைச் சீலையால் கட்டப் போனவள், ஈரமான விரலைத் தற்செயலாக நாக்கில் வைத்தாள். உப்பு. இன்னொரு தடவை வைத்தாள். கடலை விட மோசமான உப்பு. குனிந்து அந்த வெள்ளைக் கோடுகளைத் தொட்டுப் பார்த்தபோது நகத்தில் நறநறத்தது. திருநீறு நறநறக்காது. உப்புத் தண்ணீர் வழிந்து காய்ந்த கோடு அது. அடியில் ஒரு சாண் உப்பு நீர் கிடந்த பரலுக்குள் அவளே சொல்லி ஊற்ற வைத்திருக்கிறாள்.

மூடியை இறுக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதே எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் ஆம்பிளைகள் அன்றைக்கே கான்களைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுவழி போயிருப்பார்கள். அவளுக்கு வாய் வரவில்லை. காரணம் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அதற்கு முந்தின வாரம்தான், பிள்ளையின் கோப்பையை நல்ல தண்ணீரில் அலசியதற்காகத் துஷாந்தியை அத்தனை பேருக்கும் முன்னால் வைத்து அழப்பண்ணியிருந்தாள். "உன்ர கொப்பர் கிணறு வெட்டித் தந்தவரோ?" என்று கேட்டிருந்தாள். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு அப்படிக் கேட்ட வாய், நூறு லீற்றருக்கு என்னத்தைச் சொல்லும்?

படகு வரும் நாளில் மட்டும் பின்னேரம் அளப்பாள், மற்ற நாளில் காலையில். அன்றைக்கு எல்லோரும் போத்தல்களோடு வந்தபோது, "காத்து விடுற மாதிரித் தெரியேல்ல. இண்டையிலயிருந்து ஆளுக்கு ரெண்டு பேணிதான்" என்று மட்டும் சொன்னாள். இளந்தாரி இன்பாஸ் முணுமுணுத்தான். "ரெண்டு பரல் நிறையத் தண்ணியை வச்சுக்கொண்டு..." யோகலிங்கம் அவனை அடக்கினார். "அக்கா காரணமில்லாமல் சொல்லமாட்டா. வாயை மூடிக்கொண்டு வாங்கு." அந்த நம்பிக்கை அவளுக்குச் செருப்படிபோல் இருந்தது.

இராசநாயகம் தன் முறைக்கு வந்து இரண்டு பேணி வாங்கினார். அவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு கொட்டிலுக்குள் வைத்துத் தன் பங்கில் ஒரு பேணியை அவருடைய போத்தலில் ஊற்றினாள். "எனக்குத் தேவையில்லை, நான் கஞ்சித் தண்ணி குடிச்சனான்" என்று பொய் சொன்னாள். அவர் வாங்கிக்கொண்டார். மூன்று பேணி ஆயிற்று, டொக்டர் சொன்ன அளவு. அவ்வளவுதான் அவளால் முடிந்தது. பரலிலிருந்து அவருக்கென்று ஒரு சொட்டு எடுத்தாலும், பவுசர்க் குழாயைப் பிடித்தவனுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

புதன்கிழமை மணல்மேட்டில் ஏறி நின்று, சிக்னல் வந்ததும் முத்தலிப் நானாவுக்கு எடுத்தாள்.

"அக்கா, மூதூர்த் துறையில ஒரு போட்டும் இறங்கல்ல. ஞாயிறோ திங்களோ ஆகும். உங்களுக்கென்ன, ரெண்டு பரல் இருக்குத்தானே?"

"ஓம் நானா. இருக்கு" என்றாள். போனை வைத்த பிறகும் அந்த மேட்டிலேயே நின்றாள். காற்று அவள் காதுக்குள் கத்திக்கொண்டே இருந்தது. கீழே கடல் கரையோரம் குளம்போல் கிடந்தது, ஆனால் எட்டத்தில் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கடலைக் கைநிறைய அள்ளிக் கெட்ட கெட்ட வார்த்தையால் ஏச வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

கச்சான் காற்று ஆளைக் காயவைக்கிற காற்று. குடித்த தண்ணீர் தொண்டைக்குக் கீழே இறங்குமுன் உடம்பிலிருந்து போய்விடும். ஆட்களின் உதடு வெடித்தது. வலை இழுப்பதை யோகலிங்கம் நிறுத்திவிட்டார். துஷாந்தியின் பிள்ளை சிணுங்கிக்கொண்டே கிடந்தது. ஒவ்வொரு விடியலிலும் இரத்தினேஸ்வரி நல்ல பரலுக்குள் தன் அளவுக் கம்பை விட்டுப் பார்த்தாள். வியாழக்கிழமை கம்பு காட்டின ஈரம் அவள் மனக்கணக்குக்கு ஒரு விரல் மேலே நின்றது. சமையலுக்குக் குறைத்தது மிச்சமாக்கும் என்று சந்தோஷப்பட்டாள். நாளைக்குக் காற்று விட்டுவிடும், அம்மாளாச்சி கைவிடமாட்டாள், ஒருவருக்கும் தெரியாமலே இது கடந்து போய்விடும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கிற நேரம் மட்டும் மூச்சு ஒழுங்காக வந்தது.

வெள்ளிக்கிழமை விடியக் கம்பை விட்டபோது அடியில் நாலு விரலளவே நனைந்தது. அன்றைய நாளுக்கே காணாது. அன்றைக்கு இரண்டாவது பரலைத் திறக்கச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள்.

அந்த நேரம் பார்த்து இன்பாஸ் வந்து பக்கத்தில் நின்றான். "மாமி, மாமாவைப் பாத்தனீங்களே? பத்தைக்குப் பக்கத்தில இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு குந்திக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டாலும் பேசுறார் இல்ல."

ஓடினாள். இராசநாயகம் முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. முன்னால் மணலில் அவர் பெய்த சிறுநீர், கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறத்தில் ஒரு சின்ன வட்டமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முன்னால் குந்தினாள்.

"இஞ்சருங்கோ, மூண்டு பேணியும் குடிச்சனீங்கள்தானே? குடிச்சிட்டு ஏன் இப்பிடி?"

அவர் குதிகாலால் மணலைத் தள்ளி அந்த வட்டத்தை மூடினார்.

"சொல்லுங்கோவன்! குடிச்சனீங்களோ இல்லையோ?"

"ஒண்டு குடிச்சனான்" என்றார். "மற்ற ரெண்டையும் பரலுக்குள்ள திருப்பி ஊத்திப்போட்டன். நீ விறகு பொறுக்கப் போற நேரத்தில."

ஒரு விரல் மிச்சம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. அவள் சமையலில் மிச்சம் பிடித்ததாக நினைத்துச் சந்தோஷப்பட்டது, இந்த மனிதனின் மருந்து.

"உங்களுக்கென்ன விசரே?"

"முத்தலிப் ஊத்தேக்க நான் அங்கால இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தனான் ஈஸ்வரி. அந்தப் பரலின்ர மூடியில உப்புப் பூத்திருந்ததைக் கண்டனான். வாய் திறக்க முதலே நாலு கானும் உள்ள போயிட்டுது." வலி வந்து அவரைக் கொஞ்ச நேரம் பேச விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "எங்கட வீட்டுப் பிழை. எங்கட வீட்டால கழியட்டும் எண்டு நினைச்சன்."

"கண்டிருந்தால் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அவர் காலைப் பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் எழும்பினாள். மூன்று நாளாக இந்த மனிதன், அவள் வாயைத் திறப்பாள் திறப்பாள் என்று, தன் ஒற்றைச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அவளோ காற்று விடும் என்று காத்திருந்தாள்.

எல்லோரும் அடுப்படிக் கொட்டிலில் காலைத் தண்ணீருக்குப் போத்தல்களோடு கூடியிருந்தார்கள். இரத்தினேஸ்வரி பரலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ரெண்டாவது பரல் உப்பு" என்றாள். "நான்தான் ஊத்தச் சொன்னனான். உப்புப் பரலைத் திருநீறு பூசின பரல் எண்டு நினைச்சுப்போட்டன். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். வெக்கத்தில மறைச்சுப்போட்டன். குடிக்கிற தண்ணி எண்டு இருக்கிறது இவ்வளவுதான்." கம்பை எடுத்து நனைந்த இடத்தை விரலால் காட்டினாள். "அவருக்கு வலி வந்திட்டுது. அவர் மூண்டு நாளாத் தன்ர தண்ணியையும் உங்களுக்கே ஊத்தியிருக்கிறார்."

முதலில் வாய் திறந்தவன் இன்பாஸ். "மூண்டு நாளா எங்களைக் காயவிட்டனீங்கள் மாமி. செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் அண்டைக்கே நான் சம்பூருக்குப் போயிருப்பன்." அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். இன்னொருவன் அதைவிடக் கடுமையாகச் சொன்னான், அதையும் கேட்டாள்.

யோகலிங்கம் இரண்டாவது பரலைத் திறந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்துக் காறித் துப்பினார். பிறகு காரியத்தில் இறங்கினார். மணல்மேட்டில் ஏறிச் சம்பூரிலிருக்கும் தன் மைத்துனனுக்கு எடுத்து, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் உழவு மெசினையும் நாலு கான் தண்ணீரையும் கொண்டுவரச் சொன்னார். இராசநாயகத்தை வலையில் தூக்கிக்கொண்டு முகத்துவாரம் கடத்தி, மெசினில் மூதூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, திரும்பும்போது ஆம்பிளைகள் கான்களைச் சுமந்து வருவது என்று ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று. இவ்வளவும் செவ்வாய்க்கிழமை நடந்திருக்கக்கூடியவை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருடைய முகத்திலும் எழுதியிருந்தது.

கடைசியாக யோகலிங்கம் அவள் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"அக்கா, பேணியைத் தாங்கோ."

கொடுத்தாள். ஒன்பது சீசனாக யார் கைக்கும் விடாத பேணி. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு அதைத் துஷாந்தியிடம் நீட்டினார். துஷாந்தி இடுப்பிலிருந்த பிள்ளையை இன்பாஸிடம் கொடுத்துவிட்டுப் பேணியை வாங்கினாள்.

நாலுபேர் இராசநாயகத்தைத் தாங்கிக்கொண்டு வந்து, மடித்துப் போட்ட வலையில் கிடத்தினார்கள். துஷாந்தி பரலுக்குள் குனிந்து முதல் பேணியை விளிம்புவரை நிரப்பி, வரிசையில் நின்ற ஒருவரையும் பார்க்காமல், நேரே அவரிடம் கொண்டுபோனாள். தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். திரும்பி வந்து இரண்டாவது பேணி மொண்டாள். அதுவும் அவருக்குப் போயிற்று. மூன்றாவது தடவை அவள் குனிந்தபோது, பேணி பரலின் அடியில் உரசும் சத்தம் கேட்டது.

"மூண்டோ?" என்றாள் இரத்தினேஸ்வரி தன்னையறியாமல். "பிள்ளை, மற்றவையளுக்குக் காணாது. ஒரே ஆளுக்கு இப்பிடி..."

துஷாந்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். போன வாரம் இவள் அழவைத்த கண்கள் அவை.

"மாமி, நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றாள். "இப்ப அளக்கிறது நான்."

மூன்றாவது பேணியையும் கொண்டுபோய் அவர் வாயில் வைத்தாள். இராசநாயகம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குரல்வளை ஏறி ஏறி இறங்கியது. இரத்தினேஸ்வரி தன் வெறும் கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு மிடறையும் எண்ணிக்கொண்டு நின்றாள். பேணி காலியான பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.